சுவரில் சுவிட்ச் இருக்கட்டும்

ஸ்மார்ட் வீடு வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் கைபேசியை எடுத்துக் காட்டுவார்கள். யூடியூபில் பார்த்த வில்லா, நண்பர் வீட்டு ஆப், துபாயில் தங்கிய ஓட்டல் அறை. நான் ஒரு ஸ்டூல் கேட்பேன். மெயினை அணைத்துவிட்டு ஹாலில் ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால், அந்த வீட்டில் எது முடியும், எது முடியாது என்பது பாதி தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் நான் எலக்ட்ரீஷியன் வேலை பழகியது மரப்பட்டியில் வயரை ஓட்டிக் கிளிப் அடித்த காலத்தில். அப்புறம் பி.வி.சி. பட்டி வந்தது. அப்புறம் சுவரை வெட்டிக் குழாய் புதைக்கும் கன்சீல்டு வயரிங். வயர் எத்தனை முறை இடம் மாறினாலும் சுவிட்ச் மட்டும் கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் உயரத்திலேயே இருந்தது. இருட்டில் வீட்டுக்குள் நுழைகிறவரின் கை தானாக அங்கே போகும். இன்றைக்கு வந்திருக்கும் சாதனங்களில் எது நல்லது, எது வீண் என்று எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நெட் போனாலும், போன் தொலைந்தாலும், சாதனத்தை விற்ற கம்பெனியே மூடிப்போனாலும், வீட்டில் இருக்கும் வயதானவர் பழைய பழக்கத்தில் கையை நீட்டி லைட்டைப் போட முடியுமா? முடியும் என்றால் மேற்கொண்டு எவ்வளவு நவீனம் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் நியூட்ரல் விஷயம். நம் ஊர் வயரிங்கில் ஃபேஸ் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து லைட்டுக்குப் போகும். நியூட்ரல் நேராக லைட்டுக்கே போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் மாட்யூல் அப்படியல்ல. அதற்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. லைட் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஃபேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். பிளக் பாயின்ட் இருக்கும் போர்டு என்றால் கவலையில்லை, பிளக்குக்காக நியூட்ரல் வந்திருக்கும். மாடிப்படி டூவே, கட்டில் தலைமாட்டு சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளியே தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்ச் இவற்றில் பெரும்பாலும் இருக்காது.

நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாட்யூலும் கடையில் கிடைக்கிறது. அது லைட் வழியாகவே துளிக் கரண்டை இழுத்து உயிரோடு இருக்கும். பழைய குண்டு பல்பு அந்தத் துளியைக் கண்டுகொள்ளாது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு கண்டுகொள்ளும், அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மங்கலாக மினுங்கும். பல்புக்கு இணையாக ஒரு சின்ன கப்பாசிட்டரைச் சேர்த்தால் சரியாகும். ஆனால் அதைச் செய்யச் சோம்பல்பட்டு சிலர் செய்கிற வேறொரு வேலை இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு உள்ளம் பதறும். பச்சை எர்த் வயரைக் கொண்டுவந்து நியூட்ரல் முனையில் முறுக்கிவிடுகிறார்கள். மாட்யூல் ஓடும், வீட்டுக்காரர் பணமும் கொடுத்துவிடுவார். கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால், இப்படிப் பல மாட்யூல்களின் கசிவு சேர்ந்ததும் அது தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டிக்கொண்டே இருக்கிறதே என்று ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். என்றைக்காவது அந்த எர்த் வயர் எங்கேயாவது அறுந்தால், வாஷிங் மெஷினின் உடம்பில் கரண்ட் வந்து நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடப்போவது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

போர்டுக்குள் இடமும் ஒரு பிரச்னை. பழைய பாக்ஸ்கள் ஆழம் குறைந்தவை. நாலு சுவிட்ச், ஒரு ரெகுலேட்டர், பின்னால் கத்தையாக வயர். அதற்குள் மாட்யூலை அழுத்தித் திணித்தால் சூடு வெளியேற வழியில்லை. பாக்ஸ் இரும்பாக இருந்தால் வைஃபையும் சரியாக உள்ளே போகாது. இங்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும்தான் வழக்கம். ஹாலில் டி.வி.க்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ரவுட்டரை நம்பி மேல் மாடிப் படுக்கையறைக்கும் வெளிக்கேட்டுக்கும் சாதனம் வாங்கிவிட்டு, "அண்ணா, ஆப்ல ஆஃப்லைன்னு காட்டுதுங்க" என்று கூப்பிடுவார்கள். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும் என்பது வாங்கும்போது யாருக்கும் சொல்லப்படுவதில்லை.

இவ்வளவு சொன்னாலும் நான் இதற்கு எதிரியல்ல. கோவை வீடு ஒன்றில் ஒரே ஓர் இடத்தில்தான் ஆட்டோமேஷன் செய்யலாம் என்றால், யோசிக்காமல் மோட்டாரைக் காட்டுவேன். குழாயில் தண்ணீர் என்றைக்கு, எத்தனை மணிக்கு வரும் என்று நிச்சயமில்லை. வந்தால் சம்ப் நிறையும். அதை மேல் தொட்டிக்கு ஏற்ற ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, வழிகிற சத்தம் கேட்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சமைத்துக்கொண்டிருக்கும்போதும், குழந்தையைக் குளிப்பாட்டும்போதும், கொஞ்சம் கண் அயரும்போதும் அந்தக் கவலை மனதின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. தொட்டி குறைந்தால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நின்று, சம்ப் காலியானால் வெறும் ஓட்டம் ஓடாமல் நிற்கிற ஒரு கன்ட்ரோலர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் மாட்டிய எத்தனையோ சாதனங்களில் இதற்கு வந்த நன்றி வேறெதற்கும் வந்ததில்லை.

ஆனால் அதைச் செய்யும் முறை முக்கியம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டிக்குள் தொங்கவிடும் கம்பி சென்சாரில் சில மாதங்களிலேயே வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும், அப்புறம் அது தண்ணீர் மட்டத்தைத் தப்பாகச் சொல்லும். அந்தத் தொட்டிகளுக்கு மிதவை சுவிட்ச்தான் சரி. அடுத்தது, ஆன்லைனில் வாங்கும் 10 ஆம்ப் வைஃபை சுவிட்சை நேராக மோட்டாருக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஐந்தாறு ஆம்ப்தான் என்று கணக்குப் போடுகிறார்கள். கிளம்பும் நொடியில் அது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு தடவையும் ரிலேயின் காண்டாக்டில் பொறி பறக்கும். கடைசியில் ஒரு நாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மாட்யூலை ஒரு கான்டாக்டரின் காயிலை இயக்க மட்டும் விடுவேன். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கும், கூடவே ஓவர்லோடு ரிலே. பழைய ஸ்டார்ட்டரும் அதே இடத்தில் இருக்கும். ஒரு செலக்டர் சுவிட்சைத் திருப்பினால் எல்லாம் பழையபடி கையால் ஓடும். செலவு கொஞ்சம் கூடும்தான்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஃபேனும் லைட்டும் குரலுக்குக் கட்டுப்படும்படி செய்து கொடுத்தேன். அலெக்சா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான் பேசும், தமிழ் கிடையாது. ஆனால் "ஃபேன் ஆஃப்", "லைட் ஆன்" என்று எந்த வீட்டிலும் சொல்கிறோமே, அதுவே போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பெல்லாம் விடியற்காலையில் குளிரடித்தால் ஃபேனைக் குறைக்க மனைவியை எழுப்ப வேண்டியிருந்தது. அந்த அம்மா பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு அசந்து தூங்குகிறவர். அடுத்த முறை நான் போனபோது சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளை எழுப்பாம இருந்தேன் தம்பி, அது போதும்" என்றார். இந்தத் தொழில்நுட்பத்தை வெறும் ஆடம்பரம் என்று பேசுகிறவர்களுக்கு அந்த அறையைக் காட்ட ஆசைப்படுகிறேன்.

கரண்ட் மிச்சமாகும் என்ற விளம்பரத்துக்கு வருவோம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மாட்யூல் ஒன்று சும்மா இருக்கும்போதே ஒரு வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். வீடு முழுக்க இருபது மாட்யூல் என்றால் 20 வாட். அது ஒரு நாளில் 480 வாட் மணி. நம் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60 நாளுக்கு 28.8 யூனிட். மறுபக்கம், 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றி 35 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டு, அது தினமும் 12 மணி நேரம் சுற்றினால் மிச்சம் அதே 28.8 யூனிட். ஒரு ஃபேனை மாற்றிக் கிடைக்கும் மிச்சத்தை இருபது மாட்யூல்களும் சேர்ந்து தின்றுவிடும். எனவே கரண்டு பில்லுக்காக என்று கேட்பவர்களிடம் முதலில் ஃபேன்களை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும்.

நேரம் வைத்து அணைப்பதில் உண்மையான லாபம் உண்டு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 20 நிமிடம் போதும். அதைக் காலையில் போட்டுவிட்டு மறந்து மதியம் வரை விடுகிற வீடுகள் ஏராளம். ஏ.சி.யும் அப்படித்தான், விடியற்காலை நாலு மணிக்குத் தானாக நின்று ஃபேன் ஓடினால் யாரும் விழித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இரண்டுக்கு மட்டும் தனிப் பாயின்டில் நல்ல தரமான 16 ஆம்ப் சாதனம் போட்டால் காசு திரும்பி வரும்.

ஆனால் கீசரில் ஒரு செட்டிங்கைப் பார்க்காமல் நான் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் சாதனம் எந்த நிலையில் எழ வேண்டும் என்பது அது. ஆன், ஆஃப், முன்பிருந்த நிலை என்று மூன்று வழி இருக்கும். சில சாதனங்கள் கடையிலிருந்து வரும்போதே ஆன் நிலையில் எழும்படி வரும். ஊருக்குப் போயிருக்கும்போது ராத்திரி கரண்ட் போய் வந்தால், பூட்டிய வீட்டுக்குள் கீசர் தானாக ஓடத் தொடங்கும். கீசர், அயர்ன் பாக்ஸ் பிளக், மோட்டார் மூன்றும் எழும்போது ஆஃப் நிலையில்தான் எழ வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி விழும்போது எனக்கு வரும் அழைப்புகளைக் கேட்டால் இன்னொரு பக்கம் புரியும். சாதாரண சுவிட்ச் இடிக்குச் சாவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் சாகும். வீட்டுக்குள் கரண்ட் பிரியும் டி.பி. பெட்டியில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி போட்டால் காப்பாற்றலாம்தான், ஆனால் அதன் வேலையே பாய்ந்து வரும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் தள்ளுவது. எர்த்தே சரியில்லாத வீட்டில் அது எங்கே தள்ளும்? பாறை நிலத்தில் போட்ட எர்த் குழி சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும். கண்ணில் படாத வேலை என்பதால் அதற்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சரியில்லாத வீட்டில் ஸ்மார்ட் மாட்யூல் மாட்ட மாட்டேன் என்று சொல்லிப் போன வேலைகளும் உண்டு.

கம்பெனிகள் மூடிப்போவது பற்றி முதலிலேயே சொன்னேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கீழ் இருந்த நெஸ்ட் நிறுவனம், தான் வாங்கிய ரெவால்வ் என்ற ஹப்பின் சேவையை 2016 மே மாதம் நிறுத்தியபோது, வேலை செய்துகொண்டிருந்த பெட்டிகள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. பல வீடுகளில் ஆப்பும் கால அட்டவணைகளும் செயலிழந்தன. வயரிங் முப்பது வருடம் உழைக்கும் என்று நம்பி நாம் வீடு கட்டுகிறோம். ஆப் எத்தனை வருடம் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை.

இங்கேயும் நடந்திருக்கிறது. நகரின் வடக்குப் பக்கம் ஒரு புது வீட்டில் கண்ணாடி டச் பேனல்கள் போட்டிருந்தார்கள். அழகில் குறையில்லை. சப்ளை செய்த நிறுவனம் சில வருடத்தில் கடையைக் கட்டிவிட்டது. பேனல்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியதும் சாதாரண சுவிட்சாக மாற்றிக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் சுவரில் ஃபேஸே இல்லை. எல்லா லைட்டின் வயரும் நேராக டி.பி.க்குப் போய் ரிலேக்களில் முடிந்திருந்தது, பேனலுக்கு வந்தது மெல்லிய டேட்டா கேபிள் மட்டும். ஒரு டியூப் லைட்டுக்குச் சுவிட்ச் வைக்கவும் சுவரை உடைக்க வேண்டும். பெயின்ட் மங்காத வீட்டில் அந்தச் சுவர்களை வெட்டியபோது வீட்டுக்கார அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

அதனால்தான் புது வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். வயரிங்கைப் பழைய முறையிலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு நியூட்ரலைக் கூடுதலாக இழுத்து வையுங்கள், ஆழமான பாக்ஸாகப் போடுங்கள். கட்டும்போது இதற்கு ஆகும் செலவு அற்பம். மாட்யூல் சுவிட்சுக்குப் பின்னால் உட்காரட்டும். நாளைக்கு அது செத்தால் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு வயரை முறுக்கினால் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும். வாங்கும் சாதனம் நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளுமா என்று கேளுங்கள். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத்தரம் இந்த வகையில் நல்ல மாற்றம். வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஒன்றோடொன்று பேச அது வழி செய்கிறது. கொஞ்சம் கை வைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருளை ஒரு சின்ன கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டலாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் அதை நான் வைப்பதில்லை.

கேமரா விஷயத்தில் என் மனம் இன்னும் கடினம். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகமெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் கைப்பற்றியது. அதன் கையில் இருந்தது கம்பெனியிலிருந்து வரும் சுமார் 60 பாஸ்வேர்டுகளின் பட்டியல்தான். யாரும் பாஸ்வேர்டை மாற்றாததால் அது போதுமானதாக இருந்தது. 2023-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்று குற்றம்சாட்டியது. நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் கேமரா வேண்டும் என்றால் தயங்காமல் போட்டுக் கொடுப்பேன், பாஸ்வேர்டை அங்கேயே மாற்றச் சொல்லி, நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வீட்டுக்குள் கேமரா என்றால் வேறு கதை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார்கள். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருப்பார். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது, அந்தப் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வீட்டில் ஹாலில் கேமரா மாட்டிவிட்டு வந்தேன். அடுத்து இன்வெர்ட்டர் பார்க்கப் போனபோது அதன் மேல் ஒரு காசித்துண்டு தொங்கியது. அந்த அம்மா, "ஏன் தம்பி, நான் உயிரோட நடமாடறேன்னு தெரிஞ்சா அவனுக்குப் பத்தாதா? நான் சேலை மடிக்கிறதையும் சோறு திங்கிறதையும் வேற பாக்கோணுமா?" என்றார். மகனிடம் நானே பேசினேன். கேமராவை வாசலுக்கு மாற்றிவிட்டு, சமையலறையிலும் பாத்ரூம் கதவிலும் சின்ன அசைவு சென்சார் வைத்தோம். காலை எட்டு மணிவரை எங்கேயும் அசைவு இல்லையென்றால் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் செய்தி போகும். படம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு அது சம்மதமாக இருந்தது.

விரல்ரேகைப் பூட்டிலும் வயதானவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ரேஷன் கடையில் ரேகை விழாமல் நிற்கும் பெரியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாத்திரம் தேய்த்த கை, மண்வெட்டி பிடித்த கை, வயதாகித் தோல் மழமழத்த கை எதையும் பூட்டு லேசில் அடையாளம் காணாது. அவர்கள் வீட்டு வாசலிலேயே அவர்களை நிற்க வைக்கும் பூட்டு எனக்கு உடன்பாடில்லை. சாவித் துவாரம் உள்ள மாடல்தான் வாங்கச் சொல்வேன். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து எப்படிக் கரண்ட் கொடுத்துத் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டுவேன்.

இன்னொன்று, யார் பெயரில் அக்கவுன்ட் என்பது. பெரும்பாலான வீடுகளில் அது கணவரின் போனிலோ மகனின் போனிலோதான் தொடங்கப்படும். அவர்கள் காலையில் ஆபீஸ் போய்விடுவார்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஏ.சி.யைப் போடவும் கேட்டைத் திறக்கவும் அவர்களுக்குப் போன் செய்ய வேண்டிய நிலையைக் கண்டிருக்கிறேன். சண்டை வந்த வீட்டில், வெளியில் இருந்தபடியே ஃபேனை நிறுத்தி மனைவியை அழவைத்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அந்த வீட்டு மாட்யூல்களைக் கழற்ற அந்தப் பெண்ணின் அண்ணன் கூப்பிட்டபோது கூலி வாங்க மனம் வரவில்லை. வாடகை வீட்டிலும் விற்ற வீட்டிலும் இதே கேள்விதான். பழைய ஆளின் போனில் ஆப் அப்படியே இருக்கும், புதிதாகக் குடிவந்தவருக்கு அது தெரியாது. குடிமாறும்போது ஒவ்வொரு சாதனத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் வீட்டிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரையும் கூப்பிடச் சொல்கிறேன். எந்த சர்க்யூட் எங்கே போகிறது, எந்த மாட்யூல் எந்த போர்டில் இருக்கிறது என்று தமிழில் எழுதிய தாளை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். எல்லோர் போனிலும் சம அதிகாரத்தோடு ஆப்பைப் போட்டுக் கொடுப்பேன். அப்புறம் ரவுட்டரை அணைத்துவிட்டு, பாட்டி முதல் மருமகள் வரை ஒவ்வொருவரையும் லைட், ஃபேன், மோட்டார், கேட் நாலையும் கையால் போட்டு அணைக்கச் சொல்வேன். அது முடிந்த பிறகுதான் மீதிப் பணத்தை வாங்குவேன்.